மரம் பராமரிக்கும் வேலைக்கு வர நினைக்கிறேன்: எங்கே தொடங்குவது?

செம்மண் (திண்டிவனம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. பி.காம். முடித்துவிட்டு ஐந்து வருடமாக ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம். மல்லாட்டையும் சவுக்கும் போடுகிறார். சின்ன வயதிலிருந்து புளி, மா, பனை என்று எது இருந்தாலும் ஏறிவிடுவேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. கரண்டு கம்பியில் உரசுகிறது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் அதை மொட்டையடித்தார்கள். வெட்டிய இடமெல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது. பச்சையாக இருந்ததால் மரம் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். போன மழைக்காலத்தில் அந்தப் புதுக் கொப்புகளில் ஒன்று பிய்ந்து, நின்றிருந்த ஆட்டோ மேல் விழுந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. மறுநாளே மரத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். பிய்ந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பழைய வெட்டுக்குக் கீழே மரம் பஞ்சு மாதிரி உளுத்திருந்தது.

விவரம் தெரிந்த ஆள் ஒருவர் அன்றைக்கு ஏறியிருந்தால் அந்த மரம் இன்றும் நின்றிருக்கும் என்ற எண்ணம் என்னை விடவே இல்லை. அந்த ஆளாக நானே ஆகலாமா என்று யோசிக்கிறேன். இதற்குப் படிப்பு உண்டா? கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. பழைய செயின்சா ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிவிடலாமா? இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடலூர் மரமேறி

தம்பி, அந்தச் செயின்சாவை வாங்காதே. மற்றதை அப்புறம் பேசலாம்.

என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் அது கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்தில் பலாவும் முந்திரியும் படுத்துவிட்டன. தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு புரண்டு கிடந்ததைப் பார்த்துப் பெரியவர்கள் மண்ணில் உட்கார்ந்து அழுதார்கள். ஊரில் இருந்த மெஷின் எல்லாம் ராப்பகலாக ஓடின. நானும் வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

நான்காம் நாள் விழுந்து கிடந்த ஒரு பலாவை அறுத்துக்கொண்டிருந்தேன். அதன் அடியில் ஒரு கொப்பு வில் மாதிரி வளைந்து அழுந்திக் கிடந்தது. மேலே இருந்த பாரத்தை நான் அறுத்து எடுத்ததும் அது விடுபட்டு எகிறி, என்னோடு வந்தவரின் முழங்காலில் அடித்தது. அவர் இன்றைக்கும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அறுத்தது என் கை. பதினான்கு வருடத்தில் இதை நான் நினைக்காத நாள் குறைவு. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிற்கிற மரத்தைவிட விழுந்து கிடக்கிற மரம் பொல்லாதது. ஒவ்வொரு கொப்பிலும் ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டும் மறுபக்கம் அழுந்திக்கொண்டும் இருக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் ரம்பத்தை வைக்க வேண்டும். முதலில் அழுந்தும் பக்கத்தில் கொஞ்சம் வெட்டு. அப்புறம் இழுபடும் பக்கத்திலிருந்து மெதுவாக முடி. வளைவின் உள்பக்கமோ, அது நிமிரப்போகும் பக்கமோ நிற்காதே. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஐம்பது மரமாவது பார்க்க வேண்டும்.

மெஷினைப் பற்றி ஒன்று. செயின் ஓடும் பட்டையின் மூக்கில் மேல்பாதி எதிலாவது தட்டினால், நீ கண் சிமிட்டுவதற்குள் அது உன் முகத்தைப் பார்த்து எகிறும். அதைத் தடுக்கத்தான் முன்கைப் பிடிக்கு முன்னால் செயின் பிரேக் வைத்திருக்கிறார்கள். கை மாறி வரும் பழைய மெஷின்களில் பல நேரம் அது உடைந்திருக்கும், அல்லது இடைஞ்சல் என்று கழற்றியிருப்பார்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும், ஒரு கையில் பிடித்து அறுப்பதும் தினமும் நம் தெருவில் நடக்கின்றன. மூன்றையும் செய்யாதே.

ஹெல்மெட், கண்ணாடி, பிடிப்புள்ள பூட்ஸ், வளைந்த கவாத்து ரம்பம் ஒன்று, நல்ல கவாத்துக் கத்திரி ஒன்று. இப்போதைக்கு இவை போதும். ஆறு மாதம் யாராவது ஒருவரிடம் தரையில் நின்று கயிறு பிடி. மேலே இருப்பவன் என்ன செய்கிறான், ஏன் அந்தக் கொப்பை விட்டுவிட்டு இதைத் தொடுகிறான் என்பதைத் தரையிலிருந்து பார்த்தால்தான் புரியும்.

செம்மண்

அண்ணா, இவ்வளவு மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. மெஷின் யோசனையை விட்டுவிட்டேன். உளுத்துப்போனது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள். நன்றாகத் துளிர்த்த மரம் ஏன் அப்படி ஆனது?

வனம் படித்தவள் (மேட்டுப்பாளையம்)

இதற்கு நான் பதில் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்தேன், இப்போது நாற்றங்கால் வேலையில் இருக்கிறேன்.

நமக்குக் காயம் பட்டால் பழைய தோல் ஆறிப் புதுத் தோல் வரும். மரத்தில் அப்படி இல்லை. காயம் பட்ட கட்டை கடைசிவரை காயம் பட்ட கட்டைதான். மரம் அதைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி, கெட்டதை அங்கேயே அடைத்துவிட்டு, வெளியே புது வளையம் போட்டு மூடிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். இன்று உலகம் முழுக்க மரக் கவாத்து அவர் சொன்னதை ஒட்டித்தான் நடக்கிறது.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். வளையல் போட்டது மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அந்தத் தடுப்புச் சுவர் எழுவது அங்கேதான். கிளையை அந்தப் புடைப்புக்கு வெளியே, அதைச் சிராய்க்காமல் வெட்டினால் மரம் மூடிக்கொள்ளும். அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் சுவர் எழுப்பும் இடமே போய்விடும். ஒரு முழம் குச்சியை விட்டு வெட்டினாலும் தப்பு. அந்தக் குச்சி காய்ந்து, பூஞ்சை உள்ளே இறங்க வழியாகிவிடும்.

உங்கள் தூங்குமூஞ்சி மரத்தில் தொடைப் பருமனுள்ள கொப்புகளை நடுவில் வெட்டியிருப்பார்கள். அங்கே புடைப்பு ஏது? வெட்டுவாய் திறந்தபடியே கிடந்து கீழ்நோக்கி உளுக்கும். அதன் விளிம்பில் மரம் அவசரத்துக்குத் துளிர்கள் விடும். இலையெல்லாம் போய்விட்டதால் பட்டினியில் விடும் துளிர்கள் அவை. வேகமாக வளரும், ஆனால் உள்கட்டையோடு பிடிப்பு இருக்காது, மேல்தோலில் ஒட்டிய மாதிரிதான் நிற்கும். மூன்றாவது வருடம் கனம் கூடியதும் பிய்கிறது. மொட்டையடித்த மரம் முன்பைவிட ஆபத்தாவது இதனால்தான். உயிருள்ள மரத்தில் ஒரு வருடத்தில் கால் பங்குக்கு மேல் இலையை எடுக்கக் கூடாது என்பது பொதுவான அளவு. கிழட்டு மரத்தில் அதிலும் குறைவு.

கனமான கிளையை மூன்று வெட்டில் எடுக்கப் பழகுங்கள். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழிருந்து மேலாகக் கால் பங்கு ஆழம் ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை கீழே போய்விடும். மிச்சம் நிற்கும் குச்சியைப் புடைப்புக்கு வெளியே மூன்றாவது வெட்டில் எடுங்கள். கீழ்வெட்டு போடாமல் அறுத்தால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையை வாழைநார் மாதிரி உரித்துக்கொண்டு போகும். தெருவில் பாதி மரங்களில் அந்தத் தழும்பைப் பார்க்கலாம்.

கரும்பனை (உடன்குடி பக்கம்)

நல்ல விளக்கம். ஒரு சந்தேகம். எங்கள் தாத்தா எந்த மரத்தை வெட்டினாலும் வெட்டுவாயில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவார். இப்போது தார், பெயின்ட் அடிக்கிறார்கள். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

வனம் படித்தவள்

வேண்டுமென்றேதான் விட்டேன், கேட்டது நல்லதாகப் போயிற்று. தாரும் பெயின்ட்டும் உளுப்பதைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு வசதியாகவும் ஆகிவிடும். பழத்தோட்டங்களில் குறிப்பிட்ட நோய்களுக்குப் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவச் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தெரு மரத்துக்கும் வீட்டு மரத்துக்கும் சரியான இடத்தில் சுத்தமான வெட்டுதான் மருந்து. உங்கள் தாத்தாவின் சாணிப் பூச்சு கெடுதல் செய்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தப்பான இடத்தில் வெட்டிவிட்டு எதைப் பூசினாலும் பயனில்லை.

படிப்பைப் பற்றியும் செம்மண் கேட்டிருந்தார். வனவியல் பட்டம் நான்கு வருடம், அது உங்கள் வழி இல்லை. சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கத்தின் சான்றிதழ் தேர்வு இருக்கிறது. அதை எழுதவே மூன்று வருட அனுபவம் கேட்பார்கள் (படிப்பு இருந்தால் கொஞ்சம் குறையும்). ஆக அது பிறகு. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் நாற்றங்கால், விதை பற்றி அவ்வப்போது குறுகிய பயிற்சி நடத்துகிறது. தென்னை வளர்ச்சி வாரியம் கருவி வைத்துத் தென்னை ஏறப் பயிற்சி தருகிறது, ஆறு நாள். கிளையுள்ள மரம் ஏறுவது வேறு வித்தை என்றாலும், உயரத்தில் கருவியை நம்பி நிற்கும் பழக்கம் அங்கே வரும்.

கரும்பனை

ஏறுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் அப்பா பனையேறி. தளைநாரும் மார்புத்தோலும் பாளை அரிவாளும்தான் அவருடைய கருவி. பதநீர்க் காலத்தில் ஒரே பனையில் காலையும் மாலையும் ஏறுவார், அப்படி நாற்பது ஐம்பது பனை. அவருடைய நெஞ்சிலும் கணுக்காலிலும் காய்ப்பு இருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் பனையிலிருந்து விழுந்தவர்கள் இல்லாத தெரு கிடையாது. பெரும்பாலும் புதிதாக ஏறுபவர்கள் விழ மாட்டார்கள், பயம் காப்பாற்றும். இருபது வருடம் ஏறியவர்கள்தான் ஒரு மழை நாளில் வழுக்குவார்கள்.

தம்பி, "எது இருந்தாலும் ஏறிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தைரியம் வேண்டும்தான். ஆனால் இந்த வேலையில் ஏறுவது பத்தில் ஒரு பங்கு. மேலே இரண்டு கையையும் விட்டுவிட்டு வேலை செய்ய வேண்டும். அதற்கு ஹார்னஸும் (உடம்பைக் கயிற்றோடு பிணைக்கும் வார்ப்பட்டை) அதற்கென்று செய்த கயிறும் இல்லாமல் ஏறாதீர்கள். கிணற்றுக் கயிறும் நைலான் கயிறும் ஆளைத் தாங்கச் செய்தவை அல்ல. முருங்கையிலும் நாவலிலும் கட்டை பச்சையாக இருக்கும்போதே சடாரென்று முறியும். புளி வளைந்து கொடுக்கும், நம்பலாம். உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரியும், கேளுங்கள்.

பனை பற்றி இன்னொன்று. 2021இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். யாராவது "சும்மா ஒரு பனைதானே" என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

கடலூர் மரமேறி

கரும்பனை அண்ணன் சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம். இதோடு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

தனியாக ஏறாதே. கீழே நிற்பவருக்கும் ஏறத் தெரிந்திருக்க வேண்டும், இன்னொரு கயிறும் தயாராக இருக்க வேண்டும். மயங்கி ஹார்னஸில் தொங்கும் ஆளின் கால்களில் ரத்தம் தேங்கிவிடும். தீயணைப்பு வண்டி வரும்வரை அவரால் தாங்க முடியாமல் போகலாம். மேலே இருப்பவரைச் சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும்.

கரண்டு. தெருவில் போகும் 11,000 வோல்ட் கம்பியைத் தொடவே வேண்டாம். ஈரமான கொப்பு பக்கத்தில் போனாலே பாயும். கம்பிக்குப் பத்தடிக்குள் கொப்பு இருந்தால் அது உன் வேலை இல்லை. மின்வாரியத்தில் சொல்லி, அவர்கள் கரண்டை நிறுத்தி லைன் கிளியர் கொடுத்து, கம்பியைத் தரையோடு இணைத்த பிறகு அவர்கள் ஆளை வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். "கரண்டு போயிடுச்சு, சீக்கிரம் ஏறு" என்று வீட்டுக்காரர் சொல்வார். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தப்பாக இணைத்திருந்தால் போன கரண்டு திரும்பி வரும்.

பூச்சி. மாமரம் என்றால் முசுறு எறும்பு. கண்ணைத் தேடிக் கடிக்கும், கை தானாகக் கயிற்றை விட்டுவிடும். கதண்டு என்ற விஷக் குளவி இருந்தால் ஏறவே ஏறாதே. டெல்டா பக்கம் கதண்டு கொட்டி உயிர் போன செய்தி அடிக்கடி வருகிறது. தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டு இன்னொரு நாள் போ. ஏறுமுன் மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து தூர், பொந்து, காளான், காய்ந்த கொப்பு, கூடு எல்லாவற்றையும் பார்ப்பது என் வழக்கம். தூரில் தட்டுத் தட்டாகக் காளான் பூத்திருந்தால் வேர் உளுக்கிறது என்று அர்த்தம். மரத்தின் தலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நான் அதில் ஏறுவதில்லை.

சிங்கைத் தோட்டம்

தஞ்சாவூர்க்காரன். சிங்கப்பூரில் 12 வருடமாக மரம் வெட்டும் குழுவில் இருக்கிறேன். இங்கே சாலையோர மரங்களைக் கவாத்து செய்பவர்களில் நம் ஊர்ப் பையன்கள் நிறைய. காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் கூட்டம் போட்டு, இன்றைக்கு எந்த மரம், என்ன ஆபத்து, யார் எங்கே நிற்பது என்று பேசிவிட்டுத்தான் வண்டி ஏறுவோம். வந்த புதிதில் நேரம் வீணாகிறதே என்று நினைத்தேன். இப்போது அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. ஊருக்கு வந்து தொழில் செய்தால் முதலில் இதைத்தான் கொண்டுவருவேன்.

இவ்வளவு கவனமாகப் பார்க்கும் ஊரிலும் 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் நின்ற 270 வயது தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து ஒரு பெண் இறந்துபோனார். மேலே பார்க்க நன்றாக இருந்த மரம். கடலூர் அண்ணன் தூரைப் பார்க்கச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம், உங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன். இங்கே சாலைகளில் நிற்கும் அங்சனா மரம் நம் வேங்கையின் உறவு. ஊரைச் சீக்கிரம் பசுமையாக்க வேண்டும் என்று பெரிய பெரிய கொப்புகளை வெட்டி அப்படியே நட்டு வளர்த்தார்களாம். நம் ஊரில் வேலிக்குப் பூவரசம் போத்து நடுவோமே, அதே வித்தை.

வீரை (புதுச்சேரி பக்கம்)

எல்லோரும் வெட்டுவதைப் பற்றியே பேசுகிறோம். செம்மண் தம்பி திண்டிவனம் என்கிறார். அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் காடு வளர்க்கும் வேலையை நேரில் பார்க்கலாம் என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

ஆரோவில் தொடங்கிய 1968இல் அந்த மேடு முழுக்கச் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் ஓடைகளாகக் கடலுக்குப் போகும். முதலில் வந்தவர்கள் மரம் நடுவதற்கு முன்னால் வரப்பு போட்டார்கள், ஓடைகளை மறித்தார்கள். தண்ணீர் நின்ற பிறகுதான் கன்று. வெயிலில் எதுவும் நிற்கவில்லை என்பதால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேல மர வகையை நிழலுக்காக நட்டு, அதன் அடியில் இந்த மண்ணின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். வீரை, காசான், உலக்கைப் பாலை, கருங்காலி, குருந்து. இந்தக் கடற்கரைக் காட்டின் மிச்சம் அப்போது கோயில் காடுகளில்தான் இருந்தது. கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கடலூர் அண்ணன் சொன்ன அதே தானே புயல் இங்கேயும் அடித்தது. அந்த வேல மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அவற்றுக்குக் கீழே மெதுவாக வளர்ந்த வீரையும் காசானும் பெரும்பாலும் நின்றன. மறுநாள் அந்தக் குப்பைக்குள் நுழைந்து, உடைந்த கொப்புகளுக்கு அடியில் நிமிர்ந்து நின்ற கன்றுகளைப் பார்த்தபோது எனக்கு வந்த அழுகையை இன்னும் என்னால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

விதையிலிருந்து தொடங்குங்கள், தம்பி. வேப்பம் பழம் ஆனி ஆடியில் உதிரும். அந்த விதைக்கு ஆயுள் சில வாரம்தான், பொறுக்கியவுடன் போட வேண்டும். நாவலும் இலுப்பையும் அப்படித்தான். கன்று பையில் ரொம்ப நாள் இருந்தால் வேர் சுருண்டுவிடும். அப்படியே நட்டால் பத்து வருடம் கழித்துப் பெரிய காற்றில் அந்த மரம் சாயும், சாய்ந்த பிறகு பார்த்தால் வேர் இன்னும் பை வடிவத்திலேயே இருக்கும். நீங்கள் ஏறப்போகும் பல மரங்களின் கோளாறு நாற்றங்காலிலேயே தொடங்கியது. அதைத் தெரிந்துகொண்டவர் மரத்தைப் பார்க்கும் விதமே வேறு.

நீலமலை (கூடலூர்)

காட்டு வேலையும் கூலி உள்ள வேலைதான் என்பதைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் உண்ணிச்செடியும், முதுமலையில் மஞ்சள் கொன்றையும் காட்டை மூடிக்கொண்டிருக்கின்றன. 2022இல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே கொண்டுவந்தது. மஞ்சள் கொன்றையைக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். அதை வெறுமனே வெட்டினால் தூரிலிருந்து பத்துத் துளிர் கிளம்பும். நெஞ்சு உயரத்திலிருந்து தரைவரை பட்டையைச் சுற்றிலும் உரித்து, நின்றபடியே காயவிட வேண்டும். பொறுமையான வேலை. வெட்டிய இடத்தில் சோலை மரமோ புல்லோ வரும்வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

மலையில் வேலை செய்ய வந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே உண்டு, பட்டா நிலமானாலும் அனுமதி வேண்டும்.

செம்மண்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வருமானம்?

கடலூர் மரமேறி

இதைத்தான் நான் கடைசிவரை வைத்திருந்தேன்.

நம் ஊரில் மரம் வெட்டுபவருக்குக் கூலி எப்படிக் கிடைக்கிறது? பாதி நேரம் விறகாக. "வெட்டி எடுத்துக்கிட்டுப் போங்க, எங்களுக்குக் காசு வேண்டாம், உங்களுக்கும் காசு கொடுக்க மாட்டோம்" என்பார்கள். சில இடத்தில் வெட்டுபவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பார். அப்புறம் அவர் காய்ந்த குச்சியை மட்டும் எடுத்துவிட்டு இறங்குவாரா? பருமனான கொப்பில்தான் அவருடைய அன்றைய சோறு இருக்கிறது. மொட்டையடிப்பதற்கு அறியாமை ஒரு காரணம். கூலி கொடுக்கும் முறை அதைவிடப் பெரிய காரணம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் ஐந்து வருடம் அப்படித்தான் பிழைத்தேன். எத்தனை நல்ல மரங்களை எடைக்காக வெட்டினேன் என்பது எனக்குத் தெரியும்.

நீ தொடங்கும்போதே இதை மாற்று. வேலைக்குக் கூலி தனி, மரம் வீட்டுக்காரருடையது. அவர் விற்கட்டும், எரிக்கட்டும், தூரைச் சுற்றி மூடாக்காகப் போடட்டும். போய்ப் பார்ப்பதற்கே ஒரு சின்னத் தொகை கேள். முதல் வருடம் பத்துப் பேரில் எட்டுப் பேர் உன்னைத் திருப்பி அனுப்புவார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், குடியிருப்புச் சங்கம், பெரிய தோட்டம் வைத்திருப்பவர்கள், இவர்கள்தான் முதலில் புரிந்துகொள்வார்கள். மரம் விழுந்தால் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் இவை. வருடத்துக்கு இரண்டு முறை வந்து பார் என்று எழுதிக் கொடுக்கும் நான்கு இடம் கிடைத்தால் நிலையான வருமானம். புயல் மாதங்களில் வேலை தலைக்கு மேல் இருக்கும், கோடையில் குறையும். அதனால் கணக்கு வேலையை உடனே விடாதே. ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வா.

விபத்துக் காப்பீடு எடுத்துவிடு. வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு 2 லட்சம் தரும்; அது போதாது, ஆனால் அதுகூட இல்லாமல் ஏறுபவர்கள்தான் அதிகம். உன்னோடு வருபவருக்கும் சேர்த்து எடு.

பொது இடத்து மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ரம்பத்தை வெளியே எடுக்காதே. சந்தனம், செம்மரம், ஈட்டி என்றால் யார் நிலமானாலும் வனத்துறையைக் கேட்டுத்தான்.

வனம் படித்தவள்

அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்: மூடாக்கு. வெட்டாமலே கூலி வாங்கக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. தூரைச் சுற்றிக் கழுத்துவரை சிமென்ட் போட்டிருப்பார்கள். டெல்லியில் 2013இல் பசுமைத் தீர்ப்பாயம் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்ட்டை எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. நம் ஊரில் யாரும் கேட்டு வர மாட்டார்கள், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சிமென்ட்டை உடைப்பது, வேரை அறுக்காமல் மண்ணைக் கிளறுவது, சருகு போடுவது, ஆணியும் கம்பியும் பிடுங்குவது எல்லாம் மரத்துக்கு ஆயுள் கூட்டும் வேலை. 2016 வர்தா புயலில் சென்னையில் விழுந்த மரங்கள் பலவற்றின் வேரைப் பார்த்தேன். கால்வாய்க்கும் கேபிளுக்கும் ஒரு பக்கம் முழுக்க அறுத்திருந்தார்கள். மிச்சப் பக்கத்தில் சிமென்ட்.

செம்மண் (ஐந்து மாதம் கழித்து)

இந்த இழையை மறக்கவில்லை. கடலூர் அண்ணனோடு ஞாயிறுதோறும் போகிறேன். இதுவரை ஏறியது நான்கு முறை, மற்றதெல்லாம் தரையில். வேலை நாட்களில் சாயங்காலம் வீட்டு முற்றத்து வேம்பில் ஆறடி உயரத்தில் கயிறு போட்டு முடிச்சு பழகுகிறேன். வீரை அண்ணன் சொன்ன கோயில் காட்டுக்கு இரண்டு முறை போனேன். காசான் பூத்திருந்தது. கிளை முழுக்க நீல நிறம்.

போன மாதம் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். நாற்பது வருட வேம்பு, நுனியிலிருந்து காய்ந்து பழுப்பாக நின்றது. செத்துவிட்டது, அடியோடு எடுத்துவிடுங்கள் என்றார்கள். விறகுக்காரர் ஒருவர் ஏற்கெனவே விலை பேசிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் நகத்தால் பட்டையைக் கீறச் சொன்னார், உள்ளே பச்சை. இந்த நுனிக்காய்ச்சல் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் போமாப்சிஸ் என்ற பூஞ்சையும் சேர்ந்து குளிர்காலத்தில் கொண்டுவருவது, வெயில் வந்ததும் பெரும்பாலான மரங்கள் திரும்பத் துளிர்க்கும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வீட்டம்மா ஒரு மாதம் பொறுப்பதாகச் சொன்னார்கள். பார்த்ததற்குக் கூலி கொடுத்தார்கள். அன்றைக்கு நாங்கள் ஒரு குச்சிகூட வெட்டவில்லை.

நேற்று அவர்களே போட்டோ அனுப்பினார்கள். அடிக்கொப்பெல்லாம் செந்தளிர். நுனியில் இன்னும் காய்ந்த மிலாறு நிறைய இருக்கிறது, வாசல் பக்கம் விழுகிறதாம். அதை இப்போதே எடுத்துவிடலாமா, தளிர் முற்றும்வரை பொறுக்க வேண்டுமா?

வனம் படித்தவள்

போட்டோ இல்லாமலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, தம்பி. காய்ந்ததை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் எது காய்ந்தது என்று தளிர் முற்றிய பிறகுதான் சரியாகத் தெரியும். வாசலுக்கு மேலே இருப்பதை மட்டும் இப்போது எடுங்கள். மற்றதற்கு ஒரு மாதம் பொறுங்கள். வெட்டிய மிலாறை மரத்தடியில் போடாமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், பூஞ்சை அதில்தான் தங்கும்.

கடலூர் மரமேறி

வாசல் பக்கக் கொப்பில் ஒரு கிளிப் பொந்து இருந்தது, பார்த்தாயா? குஞ்சு இருக்கிறதா என்று முதலில் தரையிலிருந்து அரை மணி நேரம் பார்ப்போம். ஞாயிறு காலை ஆறு மணி. எறிகயிறு நான் எடுத்து வருகிறேன், நீ ரம்பத்தைத் தீட்டி வை. ஏறுவது நீ.